400 வரி ஆர்டர் ஃபங்ஷன்: எதை முதலில் பிரிப்பது, எதில் கை வைக்கக்கூடாது?

ஆழி கேட்டது:

நோட்.ஜேஎஸ், எக்ஸ்பிரஸ் 4 (வெப் ஃப்ரேம்வொர்க்), டைப்ஸ்கிரிப்ட். ஆர்டரைப் பதிவு செய்யும் ஹேண்ட்லர் ஒரே ஃபங்ஷனாக 412 வரி. உள்ளீட்டுச் சரிபார்ப்பு, கையிருப்பு, கூப்பன், வரி, பேமென்ட் கேட்வே, டேட்டாபேஸ், மின்னஞ்சல், ரெஸ்பான்ஸ் எல்லாம் அதற்குள்ளேயே. கோடைச் சோதிக்கும் ஈஎஸ்லின்ட் கருவி கம்ப்ளெக்ஸிட்டி (கிளைகளின் எண்ணிக்கை) 47 காட்டுகிறது. டெஸ்ட் ஒன்றுகூட இல்லை.

ஒரு பிராஞ்சில் இதை ஆறு ஃபங்ஷனாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஆறுக்கும் ‘சூழல்’ என்று ஒரே ஆப்ஜெக்ட் போகிறது. ஒவ்வொன்றும் அதில் எதையாவது எழுதி அடுத்ததற்குத் தருகிறது. இப்போது எந்த ஃபங்ஷனின் கம்ப்ளெக்ஸிட்டியும் 10-ஐத் தாண்டவில்லை. ஆனால் ரிவ்யூவில் எல்லாரும் “பழையதே பரவாயில்லை, மேலிருந்து படித்துக்கொண்டே வந்தால் புரிந்தது” என்கிறார்கள்.

எந்த வரிசையில் பிரிப்பது? எத்தனை வரி வரை, எவ்வளவு கம்ப்ளெக்ஸிட்டி வரை விடலாம்? இந்தக் கோப்பில் வாராவாரம் மாற்றம் வருகிறது, வேலையை நிறுத்தாமல் செய்ய வேண்டும்.

தறிநூல்:

ரிவ்யூவில் சொன்னது சரிதான். கோளாறு அந்த ‘சூழல்’ ஆப்ஜெக்டில் இருக்கிறது. நான்காவது ஃபங்ஷன் படிக்கும் மதிப்பை இரண்டாவது ஃபங்ஷன் எழுதியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கோடில் எங்குமே தெரியாது. வரிசை மாறினால் டைப்ஸ்கிரிப்ட்டும் எதுவும் சொல்லாது, ஏனென்றால் அந்த ஆப்ஜெக்டில் எல்லா ஃபீல்டும் ஆப்ஷனலாகத்தான் இருக்கும். ஒரு ஃபங்ஷன் தனக்கு வேண்டியதை மட்டும் ஆர்குமென்ட்டாக வாங்கி, விடையை ரிட்டர்ன் செய்ய வேண்டும். அதன் சிக்னேச்சரை (பெயர், ஆர்குமென்ட், ரிட்டர்ன் டைப்) பார்த்தே அது என்ன செய்கிறது என்று ஊகிக்க முடியாவிட்டால் பிரித்த இடம் தவறு.

இடம் எது என்றால், முடிவெடுப்பது ஒரு பக்கம், செய்வது ஒரு பக்கம். 47 கிளைகளில் பெரும்பாலானவை கூப்பன் செல்லுமா, எந்த வரி, தள்ளுபடி எவ்வளவு என்ற கேள்விகளாகத்தான் இருக்கும். அவற்றுக்கு டேட்டாபேஸோ நெட்வொர்க்கோ தேவையில்லை, தகவல் கையில் இருந்தால் போதும். ஹேண்ட்லர் கடைசியில் இப்படி நிற்க வேண்டும்:

ஆர்டர்பதிவு(கோரிக்கை):
  உள்ளீடு = சரிபார்(கோரிக்கை)
  நிலவரம் = அவெய்ட் தகவலெடு(உள்ளீடு)
  முடிவு = தீர்மானி(உள்ளீடு, நிலவரம், இப்போது)
  முடிவு மறுப்பு என்றால்: ரிட்டர்ன் மறுப்புப்பதில்(முடிவு)
  விளைவு = அவெய்ட் செயல்படுத்து(முடிவு)
  ரிட்டர்ன் பதில்(விளைவு)

‘தீர்மானி’க்குள் ஒரு அவெய்ட்கூட (வெளியிலிருந்து பதில் வரக் காத்திருப்பது) வரக்கூடாது. நேரத்தையும் வெளியிலிருந்தே கொடுங்கள். உள்ளே கடிகாரத்தைப் பார்த்தால் கூப்பன் காலாவதி டெஸ்ட் என்றாவது ஒருநாள் தானாக உடையும். இப்படி அமைந்தால் அத்தனை கிளைகளையும் மாக் (போலி டேட்டாபேஸ், போலி கேட்வே) எதுவும் இல்லாமல் டெஸ்ட் செய்யலாம்.

கையிருப்பில் மட்டும் கவனம். முதலில் படித்துவிட்டுப் பிறகு எழுதுவதால், இடையில் வேறொரு ஆர்டர் அதே சரக்கை எடுத்துவிடலாம். ‘தீர்மானி’ சரி என்று சொன்னாலும், கையிருப்பைக் குறைக்கும் அப்டேட் குவெரியிலேயே “கையிருப்பு >= கேட்ட அளவு” என்ற நிபந்தனை இருக்கட்டும். அந்தக் குவெரியால் மாறிய ரோ பூஜ்யம் என்று வந்தால் அதையும் மறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலையின் வரிசை:

முதலில் இப்போதைய நடத்தையைப் பதிவு செய்யும் டெஸ்ட்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது அவற்றின் வேலை இல்லை. இன்று என்ன நடக்கிறதோ அதை அப்படியே பிடித்து வைப்பதுதான். ரிக்வெஸ்ட் போகட்டும், வரும் ஸ்டேட்டஸ், பாடி, டேபிள்களில் விழுந்த வரிகள், கேட்வேக்கும் மெயிலருக்கும் போன அழைப்புகள் எல்லாவற்றையும் வரிசையோடு சேமியுங்கள். நேரத்தையும் ரேண்டம் ஐடியையும் நிலையாக வையுங்கள். இந்த ஒரு கோப்புக்கு மட்டும் பிராஞ்ச் கவரேஜ் (டெஸ்ட்கள் எந்தக் கிளைகளைத் தொட்டன என்ற கணக்கு) ஓட்டி, தொடாத கிளை தெரிந்தால் அதற்கொரு ரிக்வெஸ்ட் சேருங்கள். வழியில் பிழை கண்ணில் பட்டால் குறித்து வையுங்கள், அதே கமிட்டில் திருத்தாதீர்கள்.

அடுத்து, உள்ளே உள்ளே போகும் இஃப்களைத் தலைகீழாக்கி, மறுக்க வேண்டியவற்றை மேலேயே ரிட்டர்ன் செய்து விடுங்கள். பிறகு கணக்குப் பகுதியை உருவி எடுங்கள். பக்கவிளைவு உள்ள பகுதியைக் கடைசிக்கு விடுங்கள். அங்கே வரிசையை மாற்றுவது தனி வேலை, தனி ரிவ்யூ.

மரக்கிளை:

தறிநூல் சொன்ன வரிசைப்படியே போங்கள். நடைமுறையில் உடையும் இடங்களை மட்டும் சேர்க்கிறேன்.

ரிட்டர்ன். பழைய ஃபங்ஷனில் ரெஸ்பான்ஸ் அனுப்பிவிட்டு ரிட்டர்ன் என்று ஒரு வரி இருக்கும். அந்தத் துண்டை வெளியே எடுத்ததும் அந்த ரிட்டர்ன் சின்ன ஃபங்ஷனை மட்டும்தான் முடிக்கும், ஹேண்ட்லர் தொடர்ந்து ஓடும். மறுப்பு போன பிறகும் பணம் பிடிக்கப்படும். கடைசியில் இரண்டாம் முறை ரெஸ்பான்ஸ் அனுப்பப் போய், ஹெடர் ஏற்கெனவே போய்விட்டது என்ற எரர் வரும். எரர் வந்தால் நல்லது. சத்தமில்லாமல் பணம் போவதுதான் ஆபத்து. ஆகவே வெளியே எடுக்கும் எந்த ஃபங்ஷனுக்கும் ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்டைக் கொடுக்காதீர்கள்.

அவெய்ட். கையிருப்புச் சோதனையைத் தனி அசிங்க் ஃபங்ஷனாக எடுத்து, அழைக்கும் இடத்தில் அவெய்ட் விட்டுப்போனால், இஃபுக்குள் இருப்பது ப்ராமிஸ், அதாவது இன்னும் வராத விடைக்கான ஆப்ஜெக்ட். ப்ராமிஸ் எப்போதும் ட்ரூ. சரக்கே இல்லாவிட்டாலும் ஆர்டர் போகும். ட்ரை-கேட்சுக்குள் அவெய்ட் இல்லாமல் ப்ராமிஸை ரிட்டர்ன் செய்தாலும் கேட்ச் பிடிக்காது. எக்ஸ்பிரஸ் 4 அசிங்க் ஹேண்ட்லரின் எரரைத் தானாக எரர் மிடில்வேருக்கு அனுப்பாது (5 அனுப்பும்). நோட் 15 முதல், யாரும் பிடிக்காத ப்ராமிஸ் எரர் ப்ராசஸையே நிறுத்திவிடும். டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்ட்டில் நோ-ஃப்ளோட்டிங்-ப்ராமிசஸ், நோ-மிஸ்யூஸ்டு-ப்ராமிசஸ் இரண்டையும் வேலை தொடங்கும் முன்பே போட்டு விடுங்கள்.

டிரான்ஸாக்ஷன். ஃபங்ஷன்களாகப் பிரிக்கும்போது ஒன்று டிரான்ஸாக்ஷன் கனெக்ஷனையும் இன்னொன்று பொதுவான கனெக்ஷன் பூலையும் பிடித்துக்கொள்ளும். ரோல்பேக் ஆனால் (எழுதியதைத் திரும்பப் பெற்றால்) பாதிதான் திரும்பும். டேட்டாபேஸைத் தொடும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கனெக்ஷனைக் கட்டாய ஆர்குமென்ட் ஆக்குங்கள்.

கேட்வே அழைப்பு இப்போது டிரான்ஸாக்ஷனுக்கு உள்ளே இருந்தால், பதில் வரும் வரை அந்த ரோக்களை வேறு யாரும் மாற்ற முடியாதபடி லாக் பிடித்தபடி நிற்கும். மாற்றத்தான் வேண்டும், ஆனால் முழுப் பிரிப்பும் முடிந்த பிறகு. மின்னஞ்சலுக்கு, அதே டிரான்ஸாக்ஷனில் ‘அனுப்பவேண்டியவை’ டேபிளில் ஒரு வரி எழுதி, கமிட் ஆன பின் வேறொரு ப்ராசஸ் எடுத்து அனுப்பட்டும். இரண்டு முறை போகலாம் என்பதைக் கணக்கில் வைத்து, அந்த வரிக்கு ஒரு தனி ஐடி கொடுங்கள்.

அளவுகோல்:

எண்களைப் பற்றி. மெக்கேப் 1976-ல் கம்ப்ளெக்ஸிட்டி என்ற இந்த அளவை முன்வைத்தபோது சொன்ன வரம்பு 10. ஈஎஸ்லின்ட்டில் கம்ப்ளெக்ஸிட்டியின் இயல்பு வரம்பு 20, ஒரு ஃபங்ஷனுக்கு வரிகள் 50, ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் ஆழம் 4, ஆர்குமென்ட் 3. சோனார் என்ற கருவியின் காக்னிட்டிவ் கம்ப்ளெக்ஸிட்டி (ஆழத்தையும் சேர்த்து எண்ணும் அளவு) வரம்பு 15.

மெக்கேப் எண் கிளைகளை எண்ணுகிறது, ஆழத்தைப் பார்ப்பதில்லை. அடுத்தடுத்து மூன்று இஃப் என்றாலும், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று இஃப் என்றாலும் அதற்கு 4தான். காக்னிட்டிவ் அளவில் முதலாவது 3, இரண்டாவது 1+2+3 = 6. படிப்பவர் படும் பாட்டுக்கு இதுதான் நெருக்கம். இன்னொரு பக்கம், ஒன்றையொன்று சாராத 10 இஃப் வரிசையாக இருந்தால் மெக்கேப் எண் 11, ஆனால் பாதைகள் 1024. அவ்வளவையும் யாரும் டெஸ்ட் செய்ய முடியாது. கணக்கைத் தனித்தனி ஃபங்ஷனாக எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈஎஸ்லின்ட் 9-க்கு மாறினால் எண் திடீரென்று ஏறும். ஆப்ஷனல் செயினிங், ஆர்குமென்ட்டின் டீஃபால்ட் மதிப்பு இரண்டையும் அது கிளையாக எண்ணுகிறது. கோட் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

வேலையை நிறுத்தாமல் செய்ய: ஈஎஸ்லின்ட் 9.24 முதல் --சப்ரஸ்-ஆல் என்ற ஆப்ஷன் இருக்கிறது. இப்போதுள்ள மீறல்களை ஒரு கோப்பில் பதிந்துகொண்டு, புதிதாக வருவதை மட்டும் தடுக்கும். ஆனால் அது கோப்புக்கு எத்தனை மீறல் என்றுதான் எண்ணும்: உங்கள் 47 நாளை 60 ஆனாலும் ஒரே மீறல்தான், பிடிபடாது. அந்தக் கோப்புக்கு மட்டும் கான்ஃபிகில் வரம்பை 47 என்று எழுதி, ஒவ்வொரு பிரிப்புக்குப் பின்னும் கீழே இறக்குங்கள்.

ஆழி:

மிக்க நன்றி, ‘சூழல்’ பிராஞ்சைக் கைவிடுகிறோம். இரண்டு சந்தேகம். வாடிக்கையாளர் வகைக்கு 14 கேஸ் உள்ள ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, டேபிளாக மாற்றலாமா? ‘சூழல்’ போனால் சில ஃபங்ஷனுக்கு ஏழெட்டு ஆர்குமென்ட் வருகிறதே?

தறிநூல்:

14 கேஸும் ஒரே வடிவமா என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் மாறுவது தள்ளுபடி விகிதமும் வரம்பும் மட்டும் என்றால் டேபிளாக்குங்கள். இரண்டு மூன்று கேஸ் தனி லாஜிக்கோடு இருந்தால் ஸ்விட்ச்சாகவே இருக்கட்டும். அவற்றுக்காக டேபிளில் ஃபங்ஷன்களைத் திணித்தால் டீபக்கரில் எங்கே போகிறது என்றே தெரியாது. ஸ்விட்ச்சில் டீஃபால்ட் கிளையில் நெவர் டைப் (எந்த மதிப்பும் வரக்கூடாது என்ற டைப்) சோதனை வையுங்கள், 15-வது வகை வந்தால் கம்பைலரே நிறுத்தும். மெக்கேப் எண் அதிகமாகவே காட்டும். காக்னிட்டிவ் அளவு முழு ஸ்விட்ச்சையும் ஒன்றாகத்தான் எண்ணும்.

ஏழெட்டு ஆர்குமென்ட் வந்தால், எவை எப்போதும் சேர்ந்தே பயணிக்கின்றன என்று பாருங்கள். விலை, நாணயம், வரி விகிதம் மூன்றும் சேர்ந்தே போனால் அவை ஒரு டைப். எல்லா ஃபீல்டும் கட்டாயம், ரீட்ஒன்லி. ‘சூழல்’ மறுபடி நுழையாமல் இருக்க இந்த இரண்டு நிபந்தனையும் முக்கியம். பூலியன் ஆர்குமென்ட் வந்தால் பெரும்பாலும் அது இரண்டு ஃபங்ஷன்.

மரக்கிளை:

ரிவ்யூ செய்பவர்களுக்காக: இடம் மாற்றும் கமிட்டில் ஒரு எழுத்துகூடத் திருத்தாதீர்கள். கிட் டிஃப்பில் --கலர்-மூவ்டு போட்டால் நகர்ந்த வரிகள் வேறு நிறத்தில் வரும், அதனால் திருத்திய வரி உடனே தெரியும். ஒரு புல் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு பிரிப்பு, அன்றன்றே மெர்ஜ். வாராவாரம் மாறும் கோப்பில் பிராஞ்சை நீளவிட்டால் கான்ஃப்ளிக்ட் தீர்ப்பதிலேயே நேரம் போய்விடும்.