கலைச்சொல் தேவை: காஸ்பிளே, காண்டாக்ட் சிமெண்ட்

நண்பர்களே, வணக்கம். அனிமே (ஜப்பானிய அசைபடம்) பாத்திரங்களின் உடையைக் குறைந்த செலவில் செய்வது பற்றி மாணவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். துணிக்குப் பழைய உடுப்பு, கவசத்துக்குத் தரையில் விரிக்கும் மெத்தென்ற ஈ.வி.ஏ. ஃபோம். அதை வெட்டி, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னின் சூட்டில் வளைத்து, காண்டாக்ட் சிமெண்ட்டால் ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டுப்பொருளுக்கும், இப்படிப் பாத்திரம்போலவே உடுத்திக்கொள்ளும் காஸ்பிளேக்கும் தமிழில் சொல் வேண்டும். 'மாறுவேடம்' போதுமா?
- ந.

> 'மாறுவேடம்' போதுமா?

போதாது. மாறுவேடம் ஒற்றன் போடுவது, தன்னை மறைப்பதற்கு. காஸ்பிளே செய்பவரோ இன்ன பாத்திரம் என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு மடிப்பைக்கூட விடாமல் உழைக்கிறார். தவிர, வேடமே 'வேஷ'த்திலிருந்து வந்தது. நமக்குக் கோலம் இருக்கிறதே. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் காமன் பெண்மைக் கோலத்தில்தானே பேடியாடல் ஆடுகிறான்? 'புனைகோலம்' என்று வையுங்கள். தைத்த உடைக்கு முல்லைப்பாட்டில் யவனர் அணிந்திருக்கும் சட்டையான 'மெய்ப்பை'யையே எடுத்துக்கொள்ளலாம்.
- தி.

தி. ஐயா, கோலம் என்றால் 14 வயதுப் பிள்ளைக்குப் புள்ளி வைத்துப் போடுவதுதான் நினைவுக்கு வரும். மெய்ப்பை என்றால் ஏதோ பை தைக்கச் சொல்கிறோம் என்று எண்ணும். காஸ்பிளே என்ற சொல்லை ஆக்கிய தகாஹாஷி நோபுயுகி, மாறுவேட விழாவைக் குறிக்கும் 'மாஸ்கரேட்' என்ற ஆங்கிலச் சொல்லை ஜப்பானியில் பெயர்த்தால் பழைய பிரபுக்களின் வாடை அடிக்கிறது என்றுதான் காஸ்ட்யூமையும் பிளேயையும் நறுக்கி 'கோசுப்புரே' ஆக்கினார், 1983-இல் 'மை அனிமே' இதழில். அவர்களே கடன் வாங்கியதை நாம் ஏன் பெயர்க்க வேண்டும்? தொல்காப்பியர் வடசொல்லுக்குச் சொன்ன வழியிலேயே, அயல் எழுத்தை விட்டுத் தமிழெழுத்தில் 'காசுப்பிளே' என்று எழுதலாம்.

எனக்குக் கவலை பசைதான். வெறும் 'பசை' என்று போட்டால் ஈரத்தோடு ஒட்டுவார்கள், பிடிக்காது. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டிக்கொண்டு வராத பதம் வரும்வரை காயவிட்டு, அப்புறம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் நகர்த்தவும் முடியாது. கோணலாக ஒட்டிவிட்டால் தோள்கவசம் வீண், கையில் பணம் இல்லாதவருக்கு அது சின்ன இழப்பில்லை. 'சிமெண்ட்' என்று விட்டால் கட்டட வேலை என்று நினைப்பார்கள். தொட்டதும் பிடிப்பதால் 'தொடுபசை' என் பரிந்துரை.
- க.

க., செலவைக் குறைக்கச் சொல்லும் புத்தகத்தில் 'காசு' வேண்டாமே, 'காஸ்பிளே' என்றே இருக்கட்டும். பசைக்கு 'இருபுறப் பசை' எப்படி? தடவும் முறையும் அதிலேயே வந்துவிடுகிறது.
- மு.

மு. அக்கா, இருபுறப் பசை என்றால் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைத்தான் வாங்கி வருவார்கள். ஃபோமை வளைத்து ஒட்டினால் அது விறைத்து நிமிரப் பார்க்கும், டேப் தாங்காது.
- க.

'தொடு'வும் சரியில்லை. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி'யில் தொடுதல் என்பது தோண்டுதல். பூத் தொடுப்பது, அம்பு தொடுப்பது, யாப்பில் வரும் தொடை எல்லாம் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம், அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். வேலை பிணைப்பது என்றால் 'பிணைபசை' என்பதுதான் பொருந்தும்.
- தி.

ஐயா, எல்லாப் பசையும் பிணைக்கத்தானே செய்கிறது? இந்தப் பசையை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுவது காய்ந்தபின் தொட்டதும் பிடிக்கும் குணம்தான். சொல் அதைச் சொல்லாவிட்டால் பிள்ளைக்கு என்ன பயன்?
- க.

அனைவருக்கும் நன்றி. நாள் இல்லை, ஆகவே 'காஸ்பிளே', 'தொடுபசை' இரண்டையும் போட்டு அனுப்பிவிட்டேன். தொடுபசை முதலில் வரும் இடத்தில் க. எழுதிய செய்முறையை அப்படியே சேர்த்தேன். ஆவி நெடி அடிக்கும், சன்னலைத் திறந்து, ஆவியைத் தடுக்கும் முகமூடி போட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்ற வரியும் பக்கத்திலேயே இருக்கிறது. ஃபோமுக்கு யாரும் சொல் தரவில்லை, ஃபோம் என்றே போகிறது.
- ந.

கையேட்டுக்குச் சரி. கலைச்சொல் பட்டியலில் 'பிணைபசை'யையும் மாற்றுச்சொல்லாகப் பதியுங்கள், 'புனைகோல'த்தையும் நான் கைவிடவில்லை. ஃபோமுக்கு 'நுரைப்பலகை' என்கிறேன்.
- தி.

2 மி.மீ. தடிமனில் வருவதையும் பலகை என்பதா ஐயா?
- மு.