வாடல் தாங்கும் தக்காளியின் தண்டிலும் பாக்டீரியா இருக்கிறதே, ஏன்?

மேட்டுக்காடு:
சாதாரண ரகச் செடிகள் இலை பழுக்காமல் பச்சையாகவே தொங்கிவிட்டன. பக்கத்து வரிசையில் வாடலைத் தாங்கும் தக்காளி ரகமான அர்க்கா ரக்ஷக் நிற்கிறது. ஆனால் நிற்கும் செடிகளிலும் சிலவற்றின் அடித்தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்தால், ஐந்து நிமிடத்தில் மெல்லிய வெள்ளை இழையாகப் பாக்டீரியா இறங்குகிறது. கிருமி உள்ளே போய்விட்டதென்றால் இதை எதிர்ப்பு ரகம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

வேர்முனை:
எதிர்ப்பு ரகம் கிருமியை வாசலிலேயே முழுதாகத் தடுப்பதில்லை. வாடலை உண்டாக்கும் ரால்ஸ்டோனியா பாக்டீரியா வேர்நுனி, பக்கவேர் கிளம்பும் வெடிப்பு, காயம் வழியாக எல்லா ரகத்திலும் நுழையும். பெரிய வித்தியாசம் அதற்குப் பிறகுதான். தாங்காத செடியில் அது சைலக்குழாயில் (வேரிலிருந்து நீரை மேலே ஏற்றும் குழாய்) பெருகி, அடுத்தடுத்த குழாய்களுக்குத் தாவி, பசை போன்ற சர்க்கரைப் பொருளால் நீரோட்டத்தை அடைத்துவிடும். மண்ணில் ஈரம் இருந்தும் செடி தொங்குவது அதனால்தான்.

ஹவாய் 7996 போன்ற எதிர்ப்புத் தக்காளி ரகத்தில் நுழைவு குறைவு, மேலேறுவது மெதுவு. அதைவிட முக்கியம், குழாய்க்குக் குழாய் பரவுவதும் சுற்றியுள்ள திசுவுக்குள் கசிவதும் தடைபடும். கிருமி வந்ததும் செடி குழாய்ச் சுவரிலும் அதை ஒட்டிய செல்களிலும் லிக்னின் (மரத்தின் கடினப்பொருள்), சூபரின் (தக்கையில் உள்ள மெழுகுப்பொருள்), ஃபெருலாய்லமைடு என்ற அமைடு வகைப் பொருள் சேர்ந்த பூச்சைப் படிய வைக்கிறது. செல்சுவரின் செல்லுலோஸ், பெக்டினைக் கரைக்கும் கிருமியின் நொதிகளுக்கு இந்தப் பூச்சு எளிதில் மசியாது. தாங்காத மார்மாண்ட் ரகத்தில், இந்த அமைடுகளை உண்டாக்கும் நொதியின் மரபணுவைத் தூண்டிவிட்டதும் வாடல் குறைந்ததாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது.

நாற்றுத்தட்டு:
இந்த எதிர்ப்பை ஆளும் மரபணுப் பகுதிகள் பல. 6, 12ஆம் குரோமோசோம்களில் உள்ளவை பெரியவை. அதனால் எதிர்ப்பு கூடக்குறைய இருக்கும். மண் சூடு 30 டிகிரிக்கு மேல் போனாலோ, தண்ணீர் தேங்கினாலோ, வேர்முடிச்சு நூற்புழு வேரைத் துளைத்தாலோ அதே ரகம் சாயலாம். நூற்புழுவைக் கவனிக்காமல் ரகத்தைக் குறை சொல்வது சரியல்ல.

இழை இறங்கிய செடியில் பக்கக்கிளை கிள்ளிய கத்தியை அப்படியே அடுத்த செடிக்குக் கொண்டுபோகாதீர்கள். வாடாத செடியும் நோயைப் பரப்பும்.

மேட்டுக்காடு:
கத்தரியை வேர்ச்செடியாக (அடிச்செடியாக) வைத்து அதன்மேல் தக்காளியை ஒட்டினால் இன்னும் உறுதியா?

நாற்றுத்தட்டு:
கிருமி அதிகமுள்ள நிலத்துக்கு அதுதான் நல்ல வழி. உலகக் காய்கறி மையம் பரிந்துரைக்கும் இ.ஜி.203 கத்தரி நீர்த்தேக்கத்தையும் தாங்கும். கத்தரி மெதுவாக வளரும், தக்காளிக்கு மூன்று நாள் முன்னதாக விதையுங்கள். இரண்டு தண்டும் 1.6–1.8 மி.மீ. தடிமன் வந்ததும் ஒரே சாய்வில் வெட்டி, 10–12 மி.மீ. நீள ரப்பர் குழாயில் இடைவெளியின்றிச் சேர்க்க வேண்டும். பிறகு நிழலில் மூடிய கூடாரம், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. தண்டு தடிமன் பொருந்தாததும் கூடாரத்தைச் சீக்கிரம் திறப்பதும்தான் பெரும்பாலான இழப்புக்குக் காரணம்.

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்கட்டும், மண் அணைக்கும்போதும் மூடாதீர்கள். தக்காளித் தண்டு மண்ணில் வேர்விட்டால் கிருமி அந்த வேர் வழியே ஏறிவிடும். அப்படி வந்த வேரை உடனே கிள்ளிவிடுங்கள்.