ஒலிம்பிக் தங்கம் இல்லாத மிஷெல் க்வானை முதலிடத்தில் வைக்கலாமா?

தண்டையார்பேட்டை தம்பி:
நேற்று கேரம் மன்றத்தில் 1998 நாகானோ ஒலிம்பிக் பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் சறுக்கி, சுழன்று தாவும் போட்டி) வீடியோ ஓடியது. முதல் சுற்றில் அமெரிக்க வீராங்கனை க்வான்தான் முன்னணி. அப்புறம் அதே நாட்டின் 15 வயது டாரா லிபின்ஸ்கி வந்தார். ட்ரிபிள் லூப் (காற்றில் மூன்று சுற்று சுழலும் தாவல்) போட்டு இறங்கிய அதே காலிலேயே எம்பி இன்னொரு ட்ரிபிள் லூப்! ஒன்பது நடுவர்களில் ஆறு பேர் அவருக்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள். 2002-இல் க்வானுக்கு வெண்கலம்தான் கிடைத்தது. இரண்டு வாய்ப்பிலும் தங்கம் இல்லை. எல்லாக் காலத்துச் சிறந்த வீராங்கனைகளில் அவரை எப்படி முதலிடத்தில் வைப்பது?

காசிமேடு அக்கா:
தம்பி, 1996, 1998, 2000, 2001, 2003 என்று ஐந்து உலகப் பட்டம். அமெரிக்கத் தேசியப் பட்டம் ஒன்பது. லிபின்ஸ்கி தங்கம் வாங்கிய அதே ஆண்டு போட்டிகளை விட்டுப் போய்விட்டார். க்வான் அதற்கப்புறமும் வருஷா வருஷம் வந்து நின்றார். ஒலிம்பிக் தங்கம்தான் அளவுகோல் என்றால், கேரம் ஒலிம்பிக்கிலேயே இல்லையே. நம்ம வடசென்னை கேரம் வீராங்கனை காசிமா 2024-இல் அமெரிக்கா போய் மூன்று உலகத் தங்கம் வாங்கி வந்தாளே, அது குறைந்ததா?

பெரம்பூர் அண்ணன்:
கேரமை இதோடு சேர்க்காதீங்கம்மா. ஒலிம்பிக் உள்ள விளையாட்டில் எல்லோரும் நாலு வருஷம் அதற்காகத்தான் உழைக்கிறார்கள். 2002-இல் முதல் சுற்று முடிந்ததும் க்வான் முதலிடம், சாரா ஹியூஸ் நான்காமிடம். கடைசிச் சுற்றில் க்வான் ட்ரிபிள் ஃப்ளிப் என்ற மூன்று சுற்றுத் தாவலில் விழுந்தார், ஹியூஸ் தங்கத்தோடு போனார். அந்த அழுத்தத்தைத் தாங்குவதும் திறமைதானே? நான் தம்பி பக்கம்தான்.

காசிமேடு அக்கா:
விழுந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அதே ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவில் நடுவர் ஊழல் வெடித்து, நடுவர்கள் 6.0 வரை மதிப்பெண் போடும் பழைய முறையையே பிறகு தூக்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட அளவுகோலை வைத்து ஒருத்தியின் பத்து வருஷத்தை அளப்பீர்களா?

என் மகள் மாநகராட்சித் திடலில் ரோலர் ஸ்கேட்டிங் பழகுகிறாள். ஐஸ் இல்லை, சிமெண்ட் தரைதான். ஒரே சுற்றுச் சுழலும் சிங்கிள் லூப் தாண்டும்போது திரும்பத் திரும்ப வலது இடுப்பில்தான் விழுகிறாள். அந்த இடம் கன்றிப்போய்க் கருநீலமாக இருக்கிறது. ராத்திரி எண்ணெய் தேய்த்துவிடும்போது "நாளைக்கு இறங்கிடுவேம்மா" என்கிறாள். இப்படி எத்தனை ராத்திரி சேர்ந்து அந்த ஐந்து பட்டம் வந்திருக்கும்! நீங்கள் ஒலிம்பிக்கின் இரண்டு ராத்திரியை மட்டும் எண்ணுகிறீர்கள்.

பெரம்பூர் அண்ணன்:
பாப்பா உழைப்புக்கு என் வணக்கம். ஆனாலும் என் பட்டியலில் தங்கம் வாங்கியவருக்குத்தான் முதலிடம்.

தண்டையார்பேட்டை தம்பி:
சரிக்கா, நீண்ட காலம் நின்றதில் க்வானை மிஞ்ச ஆளில்லை, ஒத்துக்கொள்கிறேன். லிபின்ஸ்கி அடுத்தடுத்துப் போட்ட அந்த இரண்டு ட்ரிபிள் லூப்பை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

காசிமேடு அக்கா:
அதை நீ விட்டுத்தரவே வேண்டாம். அந்த வீடியோ இணைப்பை இங்கே போடு தம்பி. அவர் எந்த இடத்தில் முட்டியை மடக்கி எம்புகிறார் என்று நிறுத்தி நிறுத்தி என் மகளுக்குக் காட்டணும்.