மாட்டுக்கறில சட்டுனு ராத்திரி சாப்பாடு?

சேலத்துக்காரி:
வேலை முடிஞ்சு அஸ்தம்பட்டி வரவே ஏழாயிடுது, பசங்களுக்கு பீஃப்னா உயிரு, மாசக்கடைசில தனிக்கறி கட்டுப்படியாகல, கொத்துக்கறி, எலும்புக்கறி வெச்சு என்ன பண்ணலாம் சொல்லுங்கப்பா

மலைமிளகு:
கொத்துக்கறிக்கு தண்ணியே ஊத்தாதீங்கக்கா, அதுவே விடும். சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, மஞ்சள் போட்டு சுண்ட விட்டு கடைசில மிளகு இடிச்சுப் போட்டு ஓரம் லேசா முறுகுனதும் இறக்குங்க, மிச்சம் காலைல தோசைக்குள்ள

குக்கர்ராணி:
கால்கறி வாங்குங்க. சவ்வை வெட்டி எறியச் சொல்லாதீங்க, அது கரைஞ்சாதான் குழம்பு கெட்டியாகும். ஞாயித்துக்கிழமையே உப்பு மஞ்சளோட வேக வெச்சு ஃப்ரீசர்ல போட்டா அன்னன்னிக்கு மசாலா மட்டும்தான் வேலை

மலைமிளகு:
ஆமா, குக்கர்லயே வைங்க. எங்க ஏற்காடு மலை உயரத்துல தண்ணி 95 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், சட்டில வெச்சா கறி வேக விடிஞ்சிடும் 😄