உதகைக் குளிருக்குத் தைக்கும் கம்பளிக் கோட்டுக்கு எந்த லைனிங்?

உதகை இல்லத்தரசி:
என் கணவருக்குக் கம்பளிக் கோட்டு ஒன்று தைக்கக் கொடுக்க இருக்கிறோம். கடையில் பாலியஸ்டர் டஃபட்டா, விஸ்கோஸ், குப்ரோ என்று மூன்று லைனிங் துணிகளைக் காட்டினார்கள். விலையும் அதே வரிசையில் ஏறுகிறது. நாள்தோறும் மேட்டில் ஏறி வேலைக்கு நடப்பவர் அவர். அடிக்கடி மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூருக்கும் இறங்குவார். தென்மேற்குப் பருவத்தில் மாதக்கணக்கில் ஈரமும், ஜனவரியில் உறைபனியும் உள்ள இந்த ஊரில் எதை வைப்பது நல்லது?

குன்னூர் தையற்காரர்:
தயங்காமல் பாலியஸ்டரை வையுங்கள் அம்மா. விஸ்கோஸ் மரக்கூழிலிருந்து வருவது. பருத்தியைப் போலவே அதுவும் செல்லுலோஸ் என்னும் தாவர நார்ப்பொருள். மழைக்காலத்தில் நம் அலமாரிகளில் பூக்கும் பூஞ்சணத்துக்குச் செல்லுலோஸே உணவு, பாலியஸ்டர் இழையை அதனால் அரிக்க முடியாது. மேலும், நனைந்த விஸ்கோஸ் தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். அக்குளில் வியர்வை ஊறி, அந்த நேரத்தில் கையை வீசினால், முதலில் கிழிவது அந்த இடந்தான். தண்ணீர் பட்டு லைனிங் சுருங்கிவிட்டால் கோட்டின் கீழ்விளிம்பு உள்ளே இழுபட்டுத் தொங்கலே கெட்டுவிடும். அதைப் பிரித்துத் திரும்பத் தைப்பது எளிய வேலை அன்று.

கொடைக்கானல் வாசகர்:
தையற்காரர் ஐயா கோட்டின் ஆயுளைப் பார்க்கிறார். அதை அணிந்து நடப்பவரின் உடம்பையும் பார்க்க வேண்டும். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் விஸ்கோஸ் தன் எடையில் 11 முதல் 13 விழுக்காடு வரை ஈரத்தை உள்வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் வாங்குவது வெறும் 0.4 விழுக்காடு. ஏற்றத்தில் நடந்து வியர்த்தவர் மேலே போய்க் காற்றில் நிற்கும்போது, பாலியஸ்டரின் உட்புறத்தில் நீராகப் படிந்த வியர்வை சட்டையோடு ஒட்டிச் சில்லிடுகிறது. குளிருக்காகத் தைத்த கோட்டே குளிரைத் தருவது என்ன நியாயம்? ஜனவரியின் வறண்ட காற்றில் கம்பளியும் பாலியஸ்டரும் உரசி மின்னேற்றம் பெறுவது வேறு. கோட்டைக் கழற்றும்போது சடசடவென்று ஒலிப்பதும், சட்டை ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். பூஞ்சணத்தைப் பொறுத்தவரை, அழுக்கும் வியர்வையும் படிந்திருந்தால் பாலியஸ்டரின் மேலும் அது படரும். கோட்டை வெயில் கண்டபோதெல்லாம் காற்றாட விடுவதுதான் எந்தத் துணிக்கும் காப்பு.

குன்னூர் தையற்காரர்:
படரும், ஆனால் துடைத்தால் போய்விடும்; இழை அரிபடாது. செல்லுலோஸில் கறையும் நிற்கும், துணியும் இற்றுப்போகும். காற்றோட்டம் இழையை மட்டும் பொறுத்ததன்று, நெய்தலையும் பொறுத்தது. நெருக்கமாக நெய்த விஸ்கோஸ் சாட்டினைவிட, தளர நெய்த மெல்லிய பாலியஸ்டர் வழியாக நீராவி எளிதாக வெளியேறும். சில்லிடுவதற்கு இழையை மட்டும் குற்றம் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

கோத்தகிரி தையல் ஆசிரியை:
நெய்தல் பற்றி ஐயா சொன்னது சரி. ஆனால் மின்னேற்றத்துக்கு அவர் மறுமொழி சொல்லவில்லை; அது நெய்தலால் தீராது.

குப்ரோவை இருவருமே தொடவில்லை. பருத்தியிலிருந்து பஞ்சைப் பிரித்தெடுத்த பிறகு விதையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டை இழைகளைச் செம்பும் அம்மோனியாவும் கலந்த கரைசலில் கரைத்து நூலாக இழுப்பதே குப்ரோ; ஆகவே விஸ்கோஸைப் போல அதுவும் ஈரம் வாங்கும் செல்லுலோஸே. இழை உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் சட்டைமேல் கை வழுக்கிக்கொண்டு நுழையும்; வரிவரியான விளிம்புள்ள விஸ்கோஸ் இழைக்கு அந்த வழுக்கல் கிடையாது. ஜப்பானின் நோபேயோக்காவில் 1931 முதல் அசாஹி கசேய் நிறுவனம் தயாரித்துவரும் குப்ரோவுக்குத்தான் பெம்பர்க் என்ற பெயர் உரியது. கடைக்காரர் எல்லாக் குப்ரோவையும் அப்படி அழைத்தால் நம்பிவிட வேண்டாம்.

விஸ்கோஸில் எனக்கு இன்னொரு மனத்தடையும் உண்டு. அதைச் செய்யக் கார்பன் டைசல்பைடு என்ற நச்சு வேதிப்பொருள் தேவைப்படுகிறது. நம் மலையடிவாரத்துச் சிறுமுகையில் முன்பு இயங்கிய விஸ்கோஸ் ஆலையின் கழிவால் பவானி ஆறு பட்ட பாட்டை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. குப்ரோவிலும் செம்பைக் கழிவிலிருந்து மீட்டாக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் ஓரிரு நூலை உருவி எரித்துப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையும் மென்மையான சாம்பலும் இருந்தால் செல்லுலோஸ். உருகிக் கெட்டியான கருமணியாகத் திரண்டால் பாலியஸ்டர். குப்ரோவும் விஸ்கோஸும் இந்தச் சோதனையில் ஒன்றுபோலவே எரியும் என்பதால், அவற்றைப் பிரித்தறிய இது உதவாது.

கொடைக்கானல் வாசகர்:
அப்படியானால் உடலுக்குக் குப்ரோ, கைக்குப் பாலியஸ்டர் என்று பிரித்து வைக்கலாமே? முதுகும் மார்பும் வியர்க்கும் இடம், கை தேயும் இடம்.

கோத்தகிரி தையல் ஆசிரியை:
வைக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. குப்ரோவை வெட்டுவதற்கு முன்பே நனைத்து உலர்த்தித் தேய்த்துவிட வேண்டும். அதைச் செய்யாத கடையில் இந்தக் கலப்பு வேண்டாம்.

குன்னூர் தையற்காரர்:
என் கருத்தில் பாலியஸ்டரே முதலில். இருந்தாலும் குப்ரோவைத் தேர்ந்தால், தைப்பவரிடம் இரண்டைக் கேட்டு வாங்குங்கள் அம்மா. முதுகு நடுவில் மேலிருந்து கீழ்வரை 2 சென்டிமீட்டர் மடிப்பு விட்டால், கையை முன்னே நீட்டும்போது இழுப்பு லைனிங்கின் மேல் விழாது. வழுக்கும் துணியில் தையலிலிருந்து நூல் நழுவி வாய் திறக்கும். கைக்குழியிலும் பக்கத்திலும் தையலுக்கு வெளியே 1.5 சென்டிமீட்டராவது துணி விடச் சொல்லுங்கள். மேலே சொன்ன கிழிசலில் பெரும்பாலானவை இந்த இரண்டும் இல்லாத கோட்டுகளில்தான் வருகின்றன.