புளொக்குக்கு பவுடர் கோற்றிங்கா, எனாமலா?

மைனர்1098:
அப்பாவின் மொறிஸ் மைனர் எஞ்சினை இறக்கிவிட்டேன், 1962க்குப் பிறகு வந்த 1098 சிசி. சிலிண்டரைக் கடையும் போறிங் வேலைக்குக் கொடுத்திருக்கிறேன். எஞ்சின் உடலான புளொக், அடியில் ஒயில் நிற்கும் சம்ப், மேல் மூடியான ரொக்கர் கவர், புகை போகும் மனிபோல்ட் எல்லாவற்றுக்கும் என்ன அடிக்கலாம், தூளைத் தூவிச் சூட்டில் உருக்கும் பவுடர் கோற்றிங்கா, எனாமல் பெயின்றா? பழைய பச்சை நிறம் மாறக்கூடாது, பத்து வருடமாவது நிற்க வேண்டும்.

காரைநகரான்:
பவுடர்தான், யோசிக்கவே வேண்டாம். நான் கடலுக்கு மேலால் போகும் பொன்னாலைப் பாலத்தால் தினமும் போய்வருகிற ஆள், உப்புக்காற்று என்ன செய்யும் என்று கண்ணால் கண்டவன். எனாமல் அடித்த சம்பின் விளிம்பில் இரண்டாவது மாரியிலேயே கொப்புளம் கிளம்பி, நகத்தால் சுரண்டப் பெயின்ற் தகடாகக் கையோடு வந்தது. பவுடர் அடித்த ரொக்கர் கவர் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

கொக்குவில்_பழசு:
தம்பி, தகரக் கவருக்குச் சரி. புளொக்கை அதற்குக் கொடுக்காதீர்கள். பவுடர் உருகிப் பிடிக்க 180-200 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். அறுபது வருடம் எண்ணெய் குடித்த வார்ப்பிரும்பை அந்தச் சூட்டில் வைத்தால் உள்ளே ஊறினது வெளியே வந்து பூச்சுக்கு அடியில் குமிழ் விடும். பவுடர் தடிப்பும் கூட. கஸ்கற் (இரண்டு பாகத்துக்கு நடுவில் வைக்கும் அடைப்பு) இருக்கும் முகம், போல்ற் ஓட்டை, எர்த் வயர் பூட்டும் இடம் எல்லாம் மறைத்துத்தான் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்ராட்டர் சுத்தாமல் கரைச்சல் படுவீர்கள்.

காரைநகரான்:
அண்ணை, முதலில் வெறுமனே சூடாக்கி எண்ணெயை வெளியேற்றிவிட்டு அடிக்கலாமே?

கொக்குவில்_பழசு:
செய்யலாம். ஆனால் ஸ்பானர் வழுக்கி ஒரு கீறல் விழுந்தால் ஈரம் அதற்குள்ளால் ஊர்ந்து போகும், மேலே வடிவாக இருக்க அடியில் துரு பரவும். எனாமல் என்றால் அன்றைக்கே பிறஷ்ஷால் தொட்டுவிடலாம். சரி, உங்கள் சம்பை எதனால் கழுவினீர்கள்?

காரைநகரான்:
பெற்றோலால் கழுவிக் காயவிட்டு நேரே அடித்தேன். அடிப்பூச்சு, அதுதான் பிரைமர், போடவில்லை.

கொக்குவில்_பழசு:
அப்போது குற்றம் எனாமலில் இல்லை. பெற்றோல் காய்ந்த பிறகும் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். சவர்க்காரத் தூளும் சுடுதண்ணியும் போட்டுத் தேய்த்து, உடனே துணியால் துடையுங்கள், எங்கள் கிணற்றுத் தண்ணி தானாகக் காய்ந்தால் வெள்ளைச் சுண்ணாம்பு படியும். பிறகு தின்னரால் துடைத்து அன்றைக்கே எப்பொக்சி பிரைமர், அதற்கு மேல் எஞ்சின் எனாமல். வெறும் இரும்பை இரவு முழுக்க விட்டால் காலையில் செம்மை ஏறியிருக்கும். அலுமினியச் சாமான்களைக் கோஸ்ரிக் சோடாவில் மட்டும் போடாதீர்கள், அரித்துவிடும். மனிபோல்டுக்கு இந்த இரண்டுமே சரிவராது, சைலன்சருக்கு அடிக்கும் சூடு தாங்கும் சிலிக்கன் பெயின்ற்தான், அதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றித்தான் இறுக வைக்க வேண்டும்.

வல்வெட்டியான்:
மணல் அடித்துத் துப்புரவாக்கலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். என் புளொக்குக்கு அடித்த மணல் ஒயில் போகும் துளைக்குள் தங்கி, தண்டு சுழலும் புது பெயரிங் முழுக்கக் கோடு கோடாகக் கீறிவிட்டது. திரும்பவும் இறக்கினேன்.

மைனர்1098:
புளொக்குக்கு எனாமல், ரொக்கர் கவருக்குப் பவுடர். சம்ப்தான் யோசனையாக இருக்கிறது.

காரைநகரான்:
கல்லும் உப்புத் தண்ணியும் அடிக்கிற இடம் சம்ப். அதை நான் பவுடருக்கே கொடுப்பேன், அண்ணை என்ன சொன்னாலும்.

கொக்குவில்_பழசு:
கொடுங்கள். ஆனால் கஸ்கற் இருக்கும் விளிம்பை ரேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.