படம் ஒட்டினா க்ளவுன் மீன் அனிமோனுக்குள்ள போகுமா?

மண்டபத்தான்
ரீஃப்ராஜா நேத்து எழுதினதைப் படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. "க்ளவுன் அனிமோன்ல உக்காந்திருக்கிற படத்தைக் கண்ணாடிக்கு வெளிப்பக்கமா ஒட்டுங்க, மீன் பாத்துக் கத்துக்கும், என் தொட்டியில 11 நாள்ல போயிடுச்சு"ங்கறார். இதை நம்பிப் புதுசா தொட்டி வைக்கிற பசங்க கலர் பிரிண்ட் எடுக்க ஓடுவாங்க. அனிமோன்ங்கறது கொட்டுற கைகள் உள்ள கடல் உயிரி, க்ளவுன் மீனுக்கு வீடு மாதிரி. மீன் அதைக் கண்டுபிடிக்கிறது முக்கியமா வாசனையிலங்க. கடல்ல அது முட்டை வைக்கிறதே அனிமோன் காலடியில இருக்கற பாறை மேல. பொரிஞ்ச குஞ்சு பத்துப் பன்னெண்டு நாள் நீரோட்டத்துல அலைஞ்சிட்டு, அந்த வாசனையைப் பிடிச்சுத்தான் வீடு தேடுது. படத்துல வாசனை வருமா?

ரீஃப்ராஜா
ஒட்டினேன். 11-ம் நாள் உள்ள போச்சு. ஆசெல்லாரிஸ்ங்கற க்ளவுன் வகையில ஒரு ஜோடி, பபிள் டிப்ங்கற வகை அனிமோன். அதுக்கு முன்னாடி ஏழு மாசம், தண்ணியை ஓட்டுற வேவ்மேக்கர் மோட்டாருக்குப் பின்னாடிதான் தூங்கும். கண்ணால பாத்தவன் நான்.

மண்டபத்தான்
அதே வாரம் வேவ்மேக்கரை எதிர்ப்பக்கக் கண்ணாடிக்கு மாத்தினேன்னு மே மாசம் நீங்களே இங்க எழுதியிருக்கீங்க. மீன் தூங்குற மூலையில தண்ணி அடிக்க ஆரம்பிச்சா அது வேற இடம் தேடாதா? இதைச் சொல்லாம படத்தை மட்டும் சொல்றது நியாயமா?

இன்னொண்ணு. ஆசெல்லாரிஸ் கடல்ல குடியிருக்கிறது மூணே அனிமோன்ல: மேக்னிஃபிகா, ஜைஜான்டியா, மெர்டென்சி. பபிள் டிப் அந்த மூணுல இல்ல. அது மெரூன் க்ளவுனோட வீடு. தொட்டியில ஆசெல்லாரிஸ் அதுக்குள்ள போகும், நான் மறுக்கல. சிலது ஒரே மணி நேரத்துல போகும், சிலது வருஷக்கணக்கா எட்டிக்கூடப் பாக்காது. அந்த 11 நாளுக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

ரீஃப்ராஜா
வேவ்மேக்கரை மாத்தினது முதல் நாள். மீன் போனது 11-ம் நாள். நடுவுல பத்து நாள் படத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்துச்சு.

கடலூர்க்காரி
மீனைப் பத்தி மட்டுமே பேசறீங்களே ரெண்டு பேரும். க்ளவுனுக்கு அனிமோன் இல்லாட்டியும் உயிர் போகாது, தொட்டியில பெரிய மீன் இல்லாத வரைக்கும். அனிமோன்தான் செத்துப்போகுது. எங்க வீட்ல ராத்திரி கரன்ட் போய் மூணு மணி நேரம் கழிச்சு வந்துச்சு. அந்த நேரத்துல அனிமோன் நகர்ந்து போய், தண்ணியை இழுத்துத் தள்ளுற பவர்ஹெட் மோட்டாரோட கம்பி மேல உக்காந்திருக்கு. காலையில பாத்தா தொட்டி முழுக்கப் பால் மாதிரி தண்ணி, துண்டு துண்டா மிதக்குது, ரெண்டு க்ளவுனும் மேல வந்து வாயைப் பிளக்குது. ரெண்டு வருஷம் வளத்தது.

ரீஃப்ராஜா
பவர்ஹெட்டுக்கு ஸ்பாஞ்ச் போடாதது உங்க கவனக்குறைவு சிஸ்டர். அதுக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

கடலூர்க்காரி
ஸ்பாஞ்ச் போட்டிருந்தேன். அதை ஒதுக்கிட்டு உள்ள போயிருக்கு. தெரியாம பேசாதீங்க. பாவம்னு ஒரு வார்த்தை வரல உங்களுக்கு.

புதுத்தொட்டி
அண்ணா, நான் படம் ஒட்டிட்டேன். தொட்டி வச்சு 5 வாரம் ஆச்சு. மீன் இன்னும் ஹீட்டர் பக்கத்துலதான் இருக்கு. அனிமோன் வாய் திறந்தே கிடக்கு, கலரும் வெளுத்திருக்கு. படத்தை இன்னும் கிட்ட ஒட்டணுமா?

மண்டபத்தான்
பாத்தீங்களா ரீஃப்ராஜா? இதுக்குத்தான் கத்தினேன்.

தம்பி, 5 வாரத் தொட்டியில அனிமோன் வச்சிருக்கவே கூடாது. குறைஞ்சது ஆறு மாசம் ஓடின தொட்டியா இருக்கணும். உப்புத்தண்ணி அடர்த்தி 1.025, சூடு 26-27 டிகிரி, நல்ல வெளிச்சம். சென்னை வெயில்ல தண்ணியைக் குளிர வைக்கிற சில்லர் இல்லன்னா விசிறியாவது வைங்க. வாங்கின இடத்துல திருப்பி எடுத்துப்பாங்களான்னு இன்னைக்கே கேளுங்க.

எங்க மண்டபம் கடல்ல எங்கப்பா கூட முங்கிப் பாத்திருக்கேன். ஹட்டோனி அனிமோன் மணல்ல ஜமக்காளம் விரிச்ச மாதிரி கிடக்கும், மேல சீபே க்ளவுன். புதுசா வர்ற மீன் பொசுக்குனு உள்ள பாயாது. முதல்ல வால் நுனியால தொடும். அனிமோனோட கொடுக்கு துடுப்புல ஒட்டிக்கும், வெடுக்குனு உதறிக்கிட்டு ஓடும். மறுபடி வரும், வயித்துத் துடுப்பால தடவும், ஓடும். அப்படித் தொட்டுத் தொட்டுத்தான் அந்த வழவழப்புத் தோல் கொட்டு தாங்கப் பழகும். தொட்டாத்தான் பழகும், படத்தைப் பாத்துப் பழகாது.

ரீஃப்ராஜா
உங்க ஊர்ப் பெருமையைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. சென்னை கொளத்தூர் வண்ணமீன் மார்க்கெட்டுக்கு லைவ் ராக்குனு பவளப் பாறை எங்கேர்ந்து வந்துச்சாம்?

மண்டபத்தான்
வார்த்தையை அளந்து பேசுங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவும் தேசியப் பூங்கா, 1986-லேர்ந்து. பவளம் 1972 வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை. எங்க ஊர்ல ஒரு துண்டு எடுத்தாலும் ஜெயில். எங்க மண்டபத்துல மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துல க்ளவுனையே குஞ்சு பொரிக்க வச்சிருக்காங்க. யார் திருடினான்னு பேர் சொல்ல முடிஞ்சா சொல்லுங்க, இல்லன்னா அந்த வரியை எடுங்க.

ரீஃப்ராஜா
எடுக்க மாட்டேன்.

மண்டபத்தான்
சரி, படத்தையாவது எடுங்க. படத்தால போன மீன்னா, படம் போனா வெளிய வரணும்ல? ஒரு வாரம் எடுத்துட்டுப் பாருங்க.

ரீஃப்ராஜா
கத்துக்கிட்ட மீன் எதுக்கு வெளிய வரும்? படம் இருக்கட்டும். 11 நாள்.

கடலூர்க்காரி
அந்தப் பையன் அனிமோன் என்ன ஆச்சு? தம்பி, இருக்கீங்களா?

மண்டபத்தான்
11 நாள், 11 நாள்னு இதையே சொல்றீங்களே, வேவ்மேக்கருக்கு இன்னும் பதில் வரல ரீஃப்ராஜா.